முதுகில் வந்த விளம்பரம்

“24 ஆகஸ்டு 1957, சனிக்கிழமை. மாலை 5.40. வெள்ளைச் சட்டை முடிந்தது. நான்கு முறை அளந்தாயிற்று. பிழை ஏதுமில்லை.”

என் பழைய குறிப்பேட்டில் இப்படி ஒரு பதிவு இருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான், மறுப்பதற்கில்லை. “பிழை ஏதுமில்லை” என்பதன் கீழே அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன், அளவுகோல் வைத்து. இத்தனை வருடங்களாக நான் எழுதி வரும் நாட்குறிப்புகளில் உண்மைக்கு மிகத் தொலைவில் நிற்பது இந்த ஒரு வரிதான். அதைக் கிழித்து எறிந்துவிடலாம் என்று பலமுறை நினைத்ததுண்டு. ஆனால் ஆவணத்தைக் கிழிப்பவன் நான் அல்லன். (கிழித்தேன், ஒரே ஒரு முறை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.)

அப்போது எனக்கு வயது இருபத்தாறு. மலாக்காவில், பண்டார் ஹிலிரில் ஓர் அலுவலகத்தில் பதிவேடு எழுதும் வேலை. காஜா பெராங்கில் சரசு அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அக்காவிடம் ஒரு தையல் மெஷின் இருந்தது. மாமா ஆசையாக வாங்கிக் கொடுத்தது. அக்கா அதன்மேல் ஒரு பூத்துணியை விரித்து, வெற்றிலைத் தட்டை வைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் வெற்றிலைத் தட்டைக் கீழே இறக்கி வைத்தேன். என் பொழுதுபோக்கு அப்படித்தான் தொடங்கியது.

முதலில் தலையணை உறை. பிறகு மாமாவுக்கு ஓர் அரைக்கால் சிலுவார். அதைப் போட்டுக்கொண்டு மாமா நின்றார், நடந்தார். உட்கார மட்டும் மறுத்துவிட்டார். பிறகு எனக்கே இரண்டு சட்டைகள்.

“ஆம்பளப் பய மெஷின் மிதிக்கிறான்னு ஊரே சிரிக்குதுடா,” என்பாள் அக்கா.

“ஊர்ல தையக் கடை வச்சிருக்கிறவன் எல்லாம் யாருக்கா? ஆம்பளைங்கதானே?”

“அவங்க கடையில மிதிக்கிறாங்க. நீ வீட்டுல மிதிக்கிறியே!”

இந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மிதிப்பதை நான் நிறுத்தவும் இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்குத் தையலைவிட அளப்பதில்தான் மோகம். தையல்காரர்கள் தோளில் நாடாவைப் போட்டுக்கொண்டு, கண்ணால் பார்த்தே “முப்பத்தாறு” என்பார்கள். எனக்கு அது பொறுக்காது. நான் அளந்தால் முப்பத்தைந்தே முக்கால் வரும். அந்தக் கால் அங்குலத்துக்காக வாதாடி இரண்டு கடைகளில் என்னை இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த நிலையில்தான் நான் கமலத்தைப் பார்த்தேன். கோயில் வாசலில், அர்ச்சனைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். மற்றவர்கள் கண், மூக்கு என்று சொல்வார்கள். நான் பார்த்தது ரவிக்கையின் தோள். கை வைத்துத் தைத்த இடத்தில் ஒரு சுருக்கம் இல்லை, ஓர் இழுப்பு இல்லை. தட்டை உயர்த்தினாள், துணி கூடவே உயர்ந்தது. தட்டை இறக்கினாள், துணி தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. வாயைப் பிளந்தபடி நான் நின்றதாக அக்கா சொல்கிறாள். அதை என் குறிப்பேட்டில் எழுதவில்லை.

அக்கா விசாரித்து வந்தாள். கிளேபாங்கில் வீடு. அப்பா ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் எல்லாருடைய துணியையும் பெண்ணே தைக்கிறாள். இதுவரை பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளைகளை அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

“ஏனாம்?” என்றேன்.

“கையால ஒரு வேலயும் தெரியாதவங்களாம். ஒருத்தன் சட்டையில பித்தான் அறுந்து தொங்குச்சாம். அதையே பாத்துக்கிட்டு இருந்திருக்கா.”

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எனக்காகவே பிறந்த பெண்! ஆகஸ்டு 25, ஞாயிறு, பெண் பார்க்க நாள் குறித்தார்கள். அன்று என் கையால் வெட்டி, என் கையால் தைத்த சட்டையோடு போய் நிற்பது என்று முடிவு செய்தேன். அது சரியாக அமைந்தால் கமலம். அமையாவிட்டால் மூன்றாவதாகத் திருப்பி அனுப்பப்பட்டவன் என்ற பெயர்.

மலாயாவின் சுதந்திரத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. துணிக்கடையில் கால் வைக்க இடமில்லை. எல்லாருக்கும் 31ஆம் தேதிக்குப் புதுத்துணி வேண்டும். கூட்டத்தில் நசுங்கி, இரண்டரை கஜம் வெள்ளை மல் வாங்கி வந்தேன். காற்றில் பிடித்தால் கை தெரியும், அவ்வளவு மெல்லிசு. கடைக்காரர் அதைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

சட்டை வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு பாகத்தையும் காகிதத்தில் வரைந்து வெட்டிக்கொள்ள வேண்டும். அதைத் துணிமேல் வைத்துத்தான் கத்தரி போடுவது. பழுப்புக் காகிதம் முன்பாகம் இரண்டுக்கும், கைகளுக்கும், கழுத்துப்பட்டைக்கும் போதுமானதாக இருந்தது. முதுகுக்கு மட்டும் காகிதம் இல்லை.

வீட்டில் காகிதத்துக்குப் பஞ்சமா என்றால், இல்லை. என் கட்டிலுக்கு அடியில் பத்திரிகைகள் இருந்தன. 1956 பிப்ரவரி 20, பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரத் தேதி அறிவிக்கப்பட்ட கூட்டத்தில் நானும் இருந்தேன். (பின் வரிசையில். முன்னால் நின்றவரின் சொங்கோக் தொப்பியைத்தான் முழுமையாகப் பார்த்தேன்.) அன்று முதல் வந்த ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகையையும் தேதிவாரியாக அடுக்கி, வருங்காலத்துக்கு என்று கட்டி வைத்திருந்தேன். அக்கா அதில் மீன் சுற்றக் கேட்டபோதுகூடக் கொடுத்ததில்லை. இப்போது எனக்கே தேவை வந்துவிட்டது. நெடுநேரம் யோசித்து, வரலாற்றுக்குப் பழுது வராத ஒரு வழி கண்டுபிடித்தேன். செய்தியே இல்லாத ஒரு முழு விளம்பரப் பக்கத்தைக் கிழித்தேன்.

கொல்லையில் மேசை போட்டு நான் இதைச் செய்துகொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தேவி அக்கா பார்த்தார். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய மலாக்கா செட்டிக் குடும்பம். அவர் பேசுவது மலாய்தான். தமிழில் சாமி பெயர்களும் சில பலகாரப் பெயர்களும் மட்டுமே வரும். மலாய்ப் பெண்கள் போடும் கெபாயா சட்டை தைப்பதில் எங்கள் வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

“ஜாங்ஙான், தம்பி!” என்றார். வேண்டாம் என்று அர்த்தம். பத்திரிகை மை துணியில் ஒட்டிக்கொள்ளும், பழுப்புக் காகிதம் வாங்கிவா என்று மலாயில் விளக்கமாகவே சொன்னார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. புரியவில்லை என்று இப்போது பொய் சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். ஆனால் புரிந்தது.

“மை உள்பக்கம்தான் இருக்கும், அக்கா. வெளியே தெரியாது,” என்று நானும் மலாயில் பதில் சொன்னேன்.

“சுக்கா ஹாத்தி,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். உன் இஷ்டம் என்று அர்த்தம்.

இதோடு விட்டிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். மற்றவர்கள் காகிதத்தைக் குண்டூசியால் குத்தி வைத்து வெட்டுவார்கள். குண்டூசி குத்தினால் துணி ஒரு நூல் நகரும் என்பது என் கண்டுபிடிப்பு. அதனால் வடிகஞ்சியைத் துணியில் தடவி, அதன்மேல் பத்திரிகையை விரித்து, கரி இஸ்திரிப் பெட்டியை நன்றாகச் சூடேற்றி, அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். காகிதம் துணியோடு ஒட்டிக்கொண்டது. ஒரு மயிரிழை நகரவில்லை. கத்தரி வெண்ணெயில் போவதுபோல் போயிற்று.

வெட்டி முடித்துக் காகிதத்தை உரித்தேன். உரிந்தது. அதில் இருந்த விளம்பரம் மட்டும் துணியிலேயே தங்கிவிட்டது, எழுத்தெல்லாம் இடவலம் மாறி. நான் கலங்கவில்லை. மைப்பக்கம் உள்ளே வரும்படி திருப்பித் தைத்தேன். சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வெளியே பால்போல் வெள்ளை. கஞ்சி முறுக்கில் முதுகு பலகை மாதிரி நின்றது.

“உள்ள என்னடா கறுகறுன்னு இருக்கு?” என்றாள் அக்கா.

“உள்ள இருக்கிறத யாருக்கா பாக்கப்போறா?”

அதன் பிறகுதான் மேலே சொன்ன அந்தக் குறிப்பை எழுதினேன்.

மறுநாள் மாலை நாலரைக்கு ராகுகாலம். அதற்கு முன்னால் எல்லாம் முடிய வேண்டும் என்று அக்காவும் மாமாவும் பழத்தட்டோடு பஸ்ஸில் முன்னே போனார்கள். நான் பஸ்ஸில் ஏற மறுத்துவிட்டேன். சீட்டில் சாய்ந்தால் சட்டை முதுகு கசங்கும் அல்லவா? சைக்கிளில் போனால் முதுகு எதிலும் படாது. இவ்வளவு தீர்க்கமாக யோசிக்கிறவனுக்கு ஆகஸ்டு மாதத்து மலாக்கா வெயில் மட்டும் எப்படி மறந்தது என்று கேட்காதீர்கள். பனியனும் போடவில்லை. சட்டைக்கு அளவெடுத்தது வெற்றுடம்பில். பனியன் போட்டால் அளவு பிசகும்.

2.15க்குப் புறப்பட்டேன். பாதி வழியில் முதுகு நனைந்து, துணி உடம்போடு ஒட்டிக்கொண்டது தெரிந்தது. பின்னால் எப்போதும் இல்லாத ஒரு கலகலப்பு. ஒரு பெட்டிக்கடையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். சட்டை அவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கிளேபாங் சாலையில் ஒருவர் சைக்கிளில் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். நான் வேகமாக மிதித்தால் அவரும் வேகமாக மிதித்தார்.

“தம்பி! கொஞ்சம் மெதுவா போங்கலா! இன்னும் முடிக்கல!” என்று கத்தினார்.

என்ன முடிக்கவில்லை என்று கேட்க எனக்கு நேரமில்லை. இன்னும் வேகமாக மிதித்தேன். இன்னும் வியர்த்தது.

3.05க்குப் போய்ச் சேர்ந்தேன். (மாமாவின் கைக்கடிகாரப்படி. அது ஐந்து நிமிடம் முந்தி ஓடும்.) கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய கிராணியார் நடு நாற்காலியில், மூக்குக்கண்ணாடியோடு. பக்கத்தில் அவர் மனைவி. அறை வாசலில் திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு சேலை ஓரம். அக்கா எனக்குக் கண்ணைக் காட்டினாள். காலில் விழு என்று அர்த்தம்.

விழுந்தேன். அரைகுறையாகக் குனிவது என் வழக்கமில்லை. எட்டு அங்கமும் சிமெண்டுத் தரையில் பட, குப்புற நீட்டி விழுந்தேன்.

“நல்லா இரு” என்று வரவேண்டும். வரவில்லை. பிறகு பெரிய கிராணியாரின் குரல் கேட்டது. நிறுத்தி நிறுத்தி, எழுத்துக் கூட்டுவதுபோல்.

“விற்... பனைக்கு.”

நான் அசையவில்லை. இது என்ன வகை ஆசீர்வாதம் என்று புரியவில்லை.

“பழைய... மாவு அரைக்கும் இயந்திரம். ஓடும் நிலையில் உள்ளது.”

அந்த மனிதர் கண்ணில் எழுத்து பட்டால் படிக்காமல் விடமாட்டார் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். கச்சான் கடலைப் பொட்டலத்தைக்கூடப் பிரித்து, கச்சானை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் காகிதத்தைப் படிப்பார். அன்று குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சத்தமாகத் தொடர்ந்தார்.

“நேரில் வந்து பார்த்து, திருப்தி அடைந்தபின் எடுத்துச் செல்லலாம். எடுத்தபின் திரும்பப் பெறப்படமாட்டாது. விலாசம்...”

நிறுத்தினார்.

“விலாசம் எங்க தம்பி? வெட்டிட்டீங்களே!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெல்லிய துணி நனைந்ததும் உள்ளே இருந்த மை வெளியே தெரிய ஆரம்பித்திருக்கிறது. துணியில் இடவலம் மாறி ஒட்டியிருந்த எழுத்து, மறுபக்கத்திலிருந்து பார்க்கும்போது நேராகிவிட்டது. கிளேபாங் சாலை முழுக்க நான் ஒரு மாவு இயந்திரத்துக்கு விளம்பரம் செய்துகொண்டு வந்திருக்கிறேன். விலாசம் மட்டும் பக்கத் தையலுக்குள் போய்விட்டது.

யார் முதலில் சிரித்தது என்று எனக்குத் தெரியாது. முகம் தரையில் இருந்தது. மாமாவின் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது. தரை பிளந்து என்னை விழுங்கிவிடும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். நல்ல சிமெண்டுத் தரை, பிளக்கவில்லை.

“எந்திரிடா,” என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

எழுந்தேன். பெரிய கிராணியார் கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. அவர் உண்மையான அக்கறையோடு, “அது எந்தத் தேதி பேப்பர், தம்பி?” என்று கேட்டார்.

என் வாழ்க்கையில் தேதி குறிக்காமல் கிழித்த காகிதம் அது ஒன்றுதான்.

“தெரியலங்க,” என்றேன். விளம்பரத்தைவிட அந்த வார்த்தைதான் எனக்கு அதிக அவமானமாக இருந்தது.

கொல்லையில் கிணற்றடிக்கு என்னை அனுப்பினார்கள். சட்டையைக் கழற்றிக் கல்மேல் போட்டுவிட்டு, மேல்துண்டும் இல்லாமல், வேலியைத் தாண்டி ஓடிவிடலாமா, சைக்கிளை முன்வாசலில் விட்டுவிட்டோமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதாகத் திருப்பி அனுப்பப்பட்டவன் ஆகிவிட்டேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்போது பின்கதவு திறந்தது. கமலம் அவள் அப்பாவின் சட்டை ஒன்றைக் கொண்டுவந்தாள். கல்மேல் வைத்தாள். என் சட்டையைக் கையில் எடுத்தாள். நான் அவசரமாகக் கிராணியாரின் சட்டைக்குள் நுழைந்தேன். (என்னைப்போல் இன்னொருவனும் அதில் இருக்கலாம்.)

அவள் என்னைப் பார்க்கவில்லை. சட்டையை உட்பக்கம் வெளியே வரும்படி திருப்பினாள். விளம்பரத்தைப் படிக்கவும் இல்லை. விரலால் தையலைத் தடவிக்கொண்டே போனாள்.

“நீங்களே வெட்டுனதா?”

“ஆமா.”

“தச்சது?”

“நான்தான்.”

“பேப்பர ஏன் ஸ்திரிக்கா போட்டு ஒட்டுனீங்க? குண்டூசி இல்லயா?”

“இருக்கு. குத்துனா துணி ஒரு நூல் நகருதுங்க.”

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“எடது கைக்குழி கால் இஞ்ச் மேல ஏறியிருக்கு,” என்றாள்.

புத்தியுள்ளவன் இந்த இடத்தில் “ஆமாங்க” என்றிருப்பான். ஓர் அரைநாள் கௌரவமாவது மிஞ்சியிருக்கும்.

“இருக்காதுங்க. நாலு தடவ அளந்தேன்.”

உள்ளே போனாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். நாடாவோடு திரும்பி வந்தாள். கிணற்றுக் கல்லில் சட்டையை விரித்து, ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டு, மறுமுனையை என் பக்கம் நீட்டினாள். பிடித்தேன்.

“பாருங்க. கால் இஞ்ச்.”

குனிந்து பார்த்தேன். கை பொருத்திய இரண்டு குழிகளுக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்தது.

“அரைக்கால் இஞ்ச்தாங்க,” என்றேன்.

“கால்.”

“அரைக்கால்.”

“துணி ஈரமா இருக்கு. காஞ்சதும் அளந்தா தெரிஞ்சிடும்,” என்று சொல்லிவிட்டு, என் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீடு திரும்பியதிலிருந்து அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தேவி அக்கா வேலி ஓரமாக வந்து, நடந்ததை மாமா நடித்துக் காட்டக் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். 31ஆம் தேதி வந்தது. ஊரே கொண்டாடியது. நான் பழைய சட்டையோடு கூட்டத்தில் நின்று, நடந்ததையெல்லாம் நேரத்தோடு குறித்துக்கொண்டேன். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வாரத்தில் என் சுதந்திரம் என்ன ஆயிற்று என்பதுபற்றி நீங்கள் எதிர்பார்க்கும் நகைச்சுவையை நான் சொல்லப்போவதில்லை. மாமா அதைச் சொல்லாத கல்யாண வீடு இல்லை.

செப்டம்பர் 7, சனிக்கிழமை, கிளேபாங்கிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. கடிதம் இல்லை. கிராணியாரின் சட்டையைத் திருப்பித் தரும்படி ஒரு சொல்கூட இல்லை. உள்ளே என் வெள்ளைச் சட்டை, துவைத்துத் தேய்த்து, மடித்து. மை போகவில்லை. அதன் அடியில், பழுப்புக் காகிதத்தில் அழகாக வெட்டிய முதுகுப் பாகம் ஒன்று. என் அளவு. நாடாவை எடுத்து நான்கு முறை அளந்தேன். சரியாக இருந்தது. ஓரத்தில் பென்சிலால் சின்னதாகத் தேதி குறித்திருந்தாள்.

அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். “ஒன் முதுக இன்னொரு தடவ தைக்கச் சொல்றாடா,” என்றாள். பேச ஆரம்பித்ததோடு நிற்காமல் தாம்பூலத்துக்கு நாள் பார்க்கவும் கிளம்பிவிட்டாள்.

எங்கள் வீட்டில் நான் எதற்காவது முரண்டு பிடித்தால், கமலம் யாரிடமும் முறையிடுவதில்லை. “எடுத்தபின் திரும்பப் பெறப்படமாட்டாதுன்னு முதுகுலயே போட்டிருந்துச்சு, எங்கப்பா சத்தமா படிச்சும் காட்டுனாரு, நான்தான் கேக்கல,” என்பாள். பிள்ளைகளும் இதைப் படித்துக் கொண்டார்கள். மூத்த மருமகன் முதன்முதலாக வீட்டுக்கு வந்து என் காலில் விழுந்தபோது, என் இளைய மகள் அவர் முதுகைக் குனிந்து பார்த்துவிட்டு, “ஒண்ணும் எழுதலம்மா!” என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

அந்தப் பக்கம் எந்தத் தேதிப் பத்திரிகையில் வந்தது என்று தேடினேன். என் பத்திரிகை அடுக்கில் ஒரு தாள் குறைகிறது. ஆனால் நான் பிரித்துத் தேடியதில் வரிசையே கலைந்துவிட்டது. எது குறைகிறது என்று இப்போது சொல்ல முடியவில்லை. மாவு இயந்திரம் விலைபோயிற்றா என்பதும் தெரியாது.

இதைவிட முக்கியமான ஒன்று பாக்கி இருக்கிறது. சட்டை பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. சென்ற மாதம்தான் எடுத்து, நன்றாகக் காய்ந்த நிலையில், இடது கைக்குழியையும் வலதையும் அளந்தேன். இரண்டும் சமமாக இருந்தன. உள்ளே திருப்பிப் பார்த்தேன். பழைய தையலைப் பிரித்துவிட்டு வேறொரு கை மறுபடி தைத்திருந்தது. என் தையலைவிடப் பொடித் தையல். பொட்டலத்தில் வருவதற்கு முன்னாலேயே சரி செய்திருக்கிறாள். இத்தனை வருடம் எனக்குத் தெரியவில்லை.

“இப்படிச் சாட்சிய அழிக்கலாமா?” என்று கேட்டேன்.

“கால் இஞ்ச் கோணல வச்சுக்கிட்டு எப்படி அனுப்புறது?” என்றாள் கமலம்.

ஆகவே, 25 ஆகஸ்டு 1957 அன்று அந்தக் கைக்குழி ஏறியிருந்தது கால் அங்குலமா, அரைக்கால் அங்குலமா என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.